மகிழுந்திலிருந்து பேருந்துக்கு: சிங்கப்பூர் வட்டார உரிமத் திட்டமும் (1975) நகரப் பயண மாற்றத்தின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களில் மகிழுந்து ஓட்டுவோரைப் பொதுப் போக்குவரத்துக்கோ மிதிவண்டிக்கோ மாற்றுவது எவ்வாறு என்னும் வினா பெரும்பாலும் விழிப்புணர்வு சார்ந்த வினாவாகவே எழுப்பப்படுகிறது. மனம் மாறினால் பயணம் மாறும் என்பது அதன் உள்ளுறை எடுகோள். 1975இல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த வட்டார உரிமத் திட்டத்தின் வரலாறு இந்த எடுகோளுக்குப் பொருந்தி வரவில்லை. அங்குப் பயணம் முதலில் மாறியது. மாறிய விதமும் திட்டமிட்டோர் எதிர்பார்த்த விதமாக அமையவில்லை. அத்திட்டத்தை மையமாகக் கொண்டு, ஸ்டாக்ஹோம் நகரின் 2006ஆம் ஆண்டுச் சோதனையையும் நெதர்லாந்து நகரங்களின் மிதிவண்டிப் பாதைகளையும் ஒப்புநோக்கி, மாற்றத்தை நிகழ்த்திய காரணிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர், வட்டார உரிமம், நெரிசல் கட்டணம், பேருந்து, மிதிவண்டி, ஸ்டாக்ஹோம், குரோனிங்கன்.

முன்னுரை

தமிழில் 'ஓட்டுநர்' என்னும் சொல் பெரும்பாலும் கூலிக்கு வண்டி ஓட்டுபவரையே குறிக்கிறது. தம் மகிழுந்தைத் தாமே ஓட்டி வேலைக்குச் செல்பவரைக் குறிக்க நிலைபெற்ற சொல் இல்லை. இக்கட்டுரை அவரை 'மகிழுந்துப் பயனர்' என்று வழங்குகிறது. இது வெறும் சொல் தேர்வு அன்று. கூலிக்கு ஓட்டுபவருக்கு வண்டி தொழில். அவருக்கு மாற்று வழி இல்லை. மகிழுந்துப் பயனருக்கோ ஒவ்வொரு காலையும் ஒரு தெரிவு உள்ளது. நகரப் போக்குவரத்து வரலாற்றில் கேள்விக்கு உள்ளாவது அந்தத் தெரிவே.

சாலையைப் பயன்படுத்துவதற்கு நேரடியாக விலை வைக்கலாம் என்னும் கருத்து பழமையானது. பொருளியலறிஞர் ஆர்தர் பிகூ 1920இலேயே இதற்கான கோட்பாட்டு அடிப்படையை வகுத்தார். வில்லியம் விக்ரி 1950களில் அதை நகரப் போக்குவரத்துக்கு விரிவாகப் பொருத்திக் காட்டினார். பிரித்தானிய அரசு அமைத்த ஸ்மீட் குழு 1964இல் தன் அறிக்கையில் இதன் சாத்தியப்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அறிக்கை செயலுக்கு வரவில்லை. வாக்காளர்கள் சினம் கொள்வார்கள் என்னும் அச்சமே எங்கும் தடையாக இருந்தது. அதை முதலில் செயல்படுத்திய நகரம் சிங்கப்பூர்.

1975க்கு முந்தைய சிங்கப்பூர்

கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன் பேருந்தைப் பற்றிப் பேச வேண்டும். வட்டார உரிமத் திட்டத்தைக் குறிப்பிடும் பல எழுத்துகள் இப்பகுதியைத் தவிர்த்துவிடுவதால், திட்டம் வெற்றிடத்தில் முளைத்தது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

1960களின் இறுதியில் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை பல தனியார் நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தது. 1925இல் தோன்றிய சிங்கப்பூர் டிராக்‌ஷன் நிறுவனம் நகரின் மையப் பகுதியில் ஓடியது. சீனர்களுக்குச் சொந்தமான சிறு நிறுவனங்கள் தத்தம் வழித்தடங்களைப் பிரித்துக்கொண்டன. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல இரண்டு நிறுவனங்களின் பேருந்துகளில் ஏறி, இருமுறை கட்டணம் செலுத்த வேண்டிய நிலை இருந்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்து வல்லுநர் ஆர்.பி. வில்சன் 1970இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1971இல் சீன நிறுவனங்கள் மூன்றாக ஒருங்கிணைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் டிராக்‌ஷன் நிறுவனம் மூடப்பட்டது. 1973இல் மூன்றும் ஒன்றிணைந்து சிங்கப்பூர் பேருந்துச் சேவை என்னும் ஒரே நிறுவனமாயின. ஆயினும் சேவை உடனே சீர்ப்படவில்லை. 1974இல் அரசு அதிகாரிகளின் குழு ஒன்று நிறுவனத்துக்குள் அனுப்பப்பட்டது. அதே ஆண்டில் பேருந்துகளுக்கெனத் தனித்தடங்கள் சாலைகளில் வரையப்பட்டன.

இதே காலத்தில் மென்மையான வழிகளும் முயலப்பட்டன. அலுவலக நேரங்களை மாற்றியமைத்துக் கூட்டத்தைப் பரவலாக்கும்படி கோரப்பட்டது. பலன் சிறிதாகவே இருந்தது. வாகனங்களின் மீதான வரியும் உயர்த்தப்பட்டு வந்தது. பதிவின்போது செலுத்தும் கூடுதல் கட்டணம் 1975இல் வாகனத்தின் சந்தை மதிப்பில் 100 விழுக்காட்டை எட்டியது. இவ்வரிக்கு ஓர் இயல்பான குறை உண்டு. வாங்கும்போது அதிகம் செலவழித்தவர், வாங்கிய பின் அதை அதிகம் பயன்படுத்தவே விரும்புவார். வாங்கும் விலை உயர்ந்தாலும், காலை எட்டு மணிக்கு நகர மையத்துக்குள் நுழைவதற்கான விலை சுழியமாகவே இருந்தது.

1973இல் அமைக்கப்பட்ட, பல அமைச்சகங்கள் அடங்கிய சாலைப் போக்குவரத்து நடவடிக்கைக் குழு இந்தப் புள்ளியைத்தான் பிடித்தது.

திட்டத்தின் அமைப்பு

1975 ஜூன் 2, திங்கட்கிழமை. நகர மையத்தைச் சூழ ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு கட்டுப்பாட்டு வட்டாரமாக வரையறுக்கப்பட்டது. காலை 7.30 முதல் 9.30 வரை அதனுள் நுழையும் மகிழுந்து ஒன்று, நாளொன்றுக்கு 3 வெள்ளி அல்லது மாதத்துக்கு 60 வெள்ளி செலுத்தி வாங்கிய உரிமச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். சீட்டுகள் அஞ்சல் நிலையங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் நுழைவுச் சாலைகளின் ஓரத்துச் சாவடிகளிலும் விற்கப்பட்டன. நுழைவிடங்களில் யாரும் வண்டியை மறிக்கவில்லை. சாலையோரம் நின்ற காவல் பணியாளர் சீட்டில்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார். அழைப்பாணை பின்னர் வீட்டுக்கு வரும். கணினியோ மின்னணுக் கருவியோ இல்லை. காகிதம், பென்சில், மனிதக் கண்கள் ஆகியவையே கருவிகள்.

பேருந்துகள், சரக்கு வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றுக்கும், ஓட்டுபவரையும் சேர்த்து நால்வருக்குக் குறையாமல் ஏற்றிவந்த மகிழுந்துகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. வட்டாரத்துக்குள் வண்டி நிறுத்தும் கட்டணமும் உயர்த்தப்பட்டது.

நுழையும் வாகனங்களை 25 முதல் 30 விழுக்காடு குறைப்பதே இலக்கு. கட்டுப்பாட்டு நேரத்தில் குறைந்ததோ ஏறத்தாழ 44 விழுக்காடு. மகிழுந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வீழ்ச்சி 70 விழுக்காட்டைத் தாண்டியது. உலக வங்கிக்காக வாட்சனும் ஹாலந்தும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. வட்டாரத்துக்கு வேலைக்கு வருவோரில் பேருந்தில் வந்தவர்களின் பங்கு 33 விழுக்காட்டிலிருந்து 46 ஆக உயர்ந்தது. 1983இல் அது 69 விழுக்காட்டை எட்டியது.

3 வெள்ளி என்பது அக்காலத்திலும் மகிழுந்து வைத்திருப்பவருக்குப் பெரும் தொகை அன்று. இருந்தும் விளைவு ஏன் இவ்வளவு கூர்மையாக அமைந்தது? தொகையின் அளவைவிட அது கேட்கப்பட்ட தருணமே இதற்கு விடையாகத் தோன்றுகிறது. பதிவு வரி ஒருமுறை செலுத்தி மறக்கப்படுவது. நுழைவுச் சீட்டோ இன்று காலை, இந்தப் பயணத்துக்கு, இந்த விலை என்று சொல்கிறது.

எதிர்பார்ப்புகளும் நடத்தையும்

திட்டத்தின் மிகப் பெரிய முதலீடு உரிமச் சீட்டுக்குச் செய்யப்படவில்லை. வட்டாரத்தின் எல்லையை ஒட்டிச் சுமார் 10,000 வண்டிகளை நிறுத்தும் திடல்கள் அமைக்கப்பட்டன. அங்கிருந்து நகர மையத்துக்கு இருக்கை உறுதியுள்ள இணைப்புப் பேருந்துகள் ஏற்பாடாயின. மகிழுந்துப் பயனர் தம் வண்டியை முற்றாக விட்டுவிட மாட்டார், பாதி வழி வரையேனும் ஓட்டி வருவார், எனவே அவருக்கு இடைநிலை வசதி தேவை என்பது இதன் அடிப்படைக் கருத்து. கேட்பதற்கு நியாயமான கருத்துதான்.

திடல்கள் ஏறத்தாழ வெறுமையாகவே கிடந்தன. சில வாரங்களுக்குள்ளேயே இத்திட்டக்கூறு தோல்வி என்பது தெளிவாயிற்று. இணைப்புப் பேருந்துகள் வேறு வழித்தடங்களுக்கு மாற்றப்பட்டன. காரணம் எளிது. வண்டியை எடுத்து, ஓட்டி, நிறுத்தி, பிறகு பேருந்துக்குக் காத்திருந்து ஏறுவதைவிட, வீட்டருகே பேருந்தில் ஏறிவிடுவதே எளிதாயிருந்தது. மாற வேண்டியவர் முழுதாக மாறினார். மாற விரும்பாதவர் சீட்டை வாங்கினார். இடைநிலை மனிதர் திட்டமிட்டோரின் வரைபடத்தில் மட்டுமே வாழ்ந்தார்.

மற்றோர் எதிர்பாரா விளைவு நேரத்தில் வெளிப்பட்டது. பலர் 7.30க்கு முன்பே நுழைந்தனர். வேறு பலர் எல்லைக்கு வெளியே காத்திருந்து 9.30 கடந்ததும் நுழைந்தனர். எனவே ஆகஸ்டு மாதமே கட்டுப்பாட்டு நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. மையத்தினூடே கடந்து செல்வோர் வட்டாரத்தைச் சுற்றிச் சென்றதால் எல்லைச் சாலைகள் நெரிந்தன.

நால்வர் விலக்கின் கதை இன்னும் சுவையானது. தனியாக வந்த மகிழுந்துப் பயனர்கள் பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்களை ஏற்றி, நால்வரை நிறைத்துக்கொண்டு கட்டணமின்றி நுழைந்தனர். ஏறியவருக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம். ஓட்டியவருக்கு 3 வெள்ளி மிச்சம். முன்பின் அறியாதோர் ஒரே வண்டியில் அமர்ந்து சென்ற இந்த ஏற்பாட்டை எந்தப் பரப்புரையும் உருவாக்கியிருக்காது. எனினும் பேருந்தில் செல்ல வேண்டியவர்களை மகிழுந்துக்கு இழுக்கும் வழியாகவும் அது அமைந்தது. 1989இல் திட்டம் மாலை நேரத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது இந்த விலக்கு நீக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்களும் சரக்கு வண்டிகளும் கட்டண வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

மாலை நேரம் தனியே கவனிக்கத்தக்கது. காலையில் மகிழுந்தில் வராதவர் மாலையில் மகிழுந்தில் திரும்ப இயலாது; ஆகவே காலைக் கட்டணமே மாலை நெரிசலையும் குறைக்கும் என்று கருதப்பட்டது. இக்கணக்கு பொய்த்தது. காலையில் சுற்றுவழியில் சென்றவர்கள் மாலையில் மையத்தின் ஊடாகவே திரும்பினர். குடும்பத்தாரை அழைத்துச் செல்ல வந்த வண்டிகளும் சேர்ந்துகொண்டன. காலைத் தெரு நீங்கிய நெரிசல் மாலைத் தெருவில் ஏறத்தாழ அப்படியே எஞ்சியிருந்தது. அதாவது 14 ஆண்டுக் காலம் ஒரே மனிதர் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் மற்றொரு விதமாகவும் நடந்துகொண்டார். அவருடைய மனம் மாறியிருந்தால் இவ்வாறு நிகழ்ந்திருக்காது.

1998இல் காகிதச் சீட்டு ஒழிந்து மின்னணுச் சாலைக் கட்டணம் வந்தபோதும் இதே பாடம் மறுவடிவில் தோன்றியது. சீட்டு முறையில் ஒருமுறை செலுத்தியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். மின்னணு முறையில் ஒவ்வொரு நுழைவுக்கும் தனிக் கட்டணம். பல நேரங்களில் கட்டணம் முன்னைவிடக் குறைவாக இருந்தும், வட்டாரத்துக்குள் வாகனங்கள் மேலும் குறைந்தன. மீண்டும் மீண்டும் நுழைந்து வெளியேறிய பயணங்களே மறைந்தவை.

அரசியல் பின்னணி

இவ்வரலாற்றை முன்வைக்கும்போது எழும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 1968 முதல் 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் வெல்லும் வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த அவர் அவைக்குள் நுழைவதற்கு ஆறாண்டுகள் முன்பே உரிமத் திட்டம் நிலைபெற்றுவிட்டது. எதிர்ப்பின்றி ஆளும் அரசால் மட்டுமே இது இயலும், வாக்காளரிடம் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று கூறுவோர் இதைச் சான்றாகக் காட்டுவர்.

இம்மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் 1975இல் சிங்கப்பூர்க் குடும்பங்களில் பெரும்பான்மையினரிடம் மகிழுந்து இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நெரிசலில் சிக்கிய பேருந்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவர்கள்தாம். சாலையின் பெரும்பகுதியைச் சிலரின் வண்டிகள் நிறைத்திருந்தபோது, அந்நிலையும் ஒரு வகைக் கட்டணம்தான். அதைச் செலுத்தியவர்கள் வண்டி இல்லாதோர். போக்குவரத்து ஆய்வுகள் மகிழுந்துப் பயனரின் சிரமத்தையே அளவிட்டு, பேருந்துப் பயணியின் இழந்த நேரத்தை இரண்டாம் நிலைக்குத் தள்ளுவது இன்றும் தொடரும் வழக்கம்.

ஸ்டாக்ஹோம்: வாக்காளர் முன் ஒரு சோதனை

மறுப்பின் மறுபாதிக்கு விடை சுவீடனில் கிடைக்கிறது. அங்கு 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, நகர மையத்தைச் சுற்றிய 18 கட்டுப்பாட்டு இடங்களில் நேரத்துக்கேற்ப 10, 15, 20 குரோனர் எனக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. அதன் பின் கட்டணம் நிறுத்தப்பட்டு, செப்டம்பர் 17 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது.

வரலாற்று ஆய்வாளருக்கு இச்சோதனை அரிய வாய்ப்பு ஒன்றைத் தருகிறது. கட்டணம் தொடங்குவதற்கு நான்கு மாதங்களுக்கு மேலாகவே, 2005 ஆகஸ்டு 22 அன்று, 197 புதிய பேருந்துகளும் 16 புதிய வழித்தடங்களும் சேவைக்கு வந்துவிட்டன. நல்ல பேருந்து மட்டுமே போதுமா, விலையும் வேண்டுமா என்பதைப் பிரித்தறிய இந்த நான்கு மாத இடைவெளி உதவுகிறது. அவ்விலையுதிர்காலத்தில் மகிழுந்துப் போக்குவரத்தில் கண்டறியத்தக்க குறைவு ஏதும் ஏற்படவில்லை. ஜனவரியில் கட்டணம் வந்ததும் எல்லையைக் கடந்த வாகனங்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்தன. கட்டணம் நின்றதும் பெரும்பகுதி திரும்பிவிட்டது, முழுமையாகத் திரும்பவில்லை.

இதிலிருந்து பேருந்து தேவையற்றது என்று முடிவு கட்டுவது பிழை. விலை துரத்தியவர்கள் ஏறிக்கொள்வதற்கு ஏதேனும் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1971 முதல் 1974 வரை நடந்த நிறுவனச் சீரமைப்பு இல்லையேல், 1975இன் சீட்டு வெறும் தண்டமாகவே முடிந்திருக்கும்.

சோதனைக்கு முன் கட்டணத்தை எதிர்த்தோரே நகரில் மிகுதி. சோதனைக்குப் பிந்தைய வாக்கெடுப்பில் ஸ்டாக்ஹோம் நகரவாசிகள் சிறு பெரும்பான்மையில் அதை ஆதரித்தனர். 2007 ஆகஸ்டு 1 முதல் கட்டணம் நிலையானது. ஆதரவு பின்னும் வளர்ந்தது. சோதனையை ஆராய்ந்த ஜோனாஸ் எலியாசன் சுட்டும் செய்தி வியப்பூட்டுவது: தம் பயண முறையை மாற்றிக்கொண்டவர்களில் பலர், தாம் எதையும் மாற்றியதாகவே நினைவுகூரவில்லை. சாலையில் மகிழுந்துகள் குறைந்தது கண்கூடு. குறைத்தவர் யார் என்று கேட்டால் கை உயர்த்துவோர் சிலரே.

மிதிவண்டியும் தெருவின் வடிவமும்

சிங்கப்பூர், ஸ்டாக்ஹோம் இரண்டும் விலையால் மாறியவை. நெதர்லாந்து நகரங்கள் தெருவின் வடிவத்தால் மாறின. அங்கு 1971இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 3,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் குழந்தைகள் சில நூறு. 1970களின் தொடக்கத்தில் பெற்றோர் முன்னின்ற இயக்கம் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்னும் பொருள்படும் பெயரையே சூடிக்கொண்டது. 1973 எண்ணெய் நெருக்கடியும் மகிழுந்து ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளும் அக்குரலுக்கு வலுவூட்டின.

அரசின் முதல் முயற்சி, தி ஹேக், தில்பர்க் ஆகிய நகரங்களில் தலா ஒரு சிறந்த மிதிவண்டிப் பாதை. பாதைகளில் கூட்டம் கூடியது. ஆயினும் நகரில் மிதிவண்டிப் பயணத்தின் பங்கு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. பக்கத்துத் தெருக்களில் சென்றவர்கள் இப்பாதைக்கு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவே. இதிலிருந்து பாடம் கற்ற டெல்ஃப்ட் நகரம் 1980களில் விடுபட்ட இணைப்புகளை நிறைத்து, நகர் முழுவதற்குமான வலையமைப்பை உருவாக்கியது. மிதிவண்டியின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 43 ஆக உயர்ந்தது. மகிழுந்தின் பங்கு பெருகாமல் நின்றதே தவிரக் குறையவில்லை. ஸ்டாக்ஹோமின் 197 பேருந்துகளோடு இதை அருகருகே வைத்து நோக்கலாம்.

மகிழுந்தையே நேராகத் தொட்ட நகரம் குரோனிங்கன். நகராட்சி நிருவாகக் குழு உறுப்பினர் மாக்ஸ் வான் டென் பெர்க் முன்னின்று வகுத்த போக்குவரத்துச் சுழற்சித் திட்டம் 1977 செப்டம்பரில் ஒரே இரவில் நடைமுறைக்கு வந்தது. நகர மையம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மகிழுந்து நேரே செல்ல இயலாது. வெளிச்சுற்றுச் சாலைக்குப் போய், சுற்றி, மீண்டும் உள்ளே வர வேண்டும். மிதிவண்டியும் நடப்பவரும் பேருந்தும் நேரே செல்லலாம். கட்டணம் இல்லை, சீட்டு இல்லை, தண்டமும் இல்லை. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். வாடிக்கையாளர் மகிழுந்தில்தான் வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நகராட்சி பின்வாங்கவில்லை. மறுநாள் காலை தம் மகிழுந்தை எடுத்தவர், ஐந்து நிமிடத் தொலைவிலிருந்த கடைக்குச் செல்ல ஊரைச் சுற்ற வேண்டியிருப்பதைக் கண்டார். பக்கத்து வீட்டுக்காரர் மிதிவண்டியில் அதற்குள் போய்த் திரும்பியிருந்தார்.